புல்லும் எல்லையும்: ஆஸ்திரேலியக் குடியேற்ற அங்கதப் பாடல்களில் நிலவழக்கு

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகையாக வகுத்துள்ளார். வெளிப்படையாக வைவது முன்னது. சொல்லுள் மறைத்துப் பழிப்பது பின்னது. இலக்கண நூலார் இவ்விரண்டனையும் செய்யுளின் இயல்பு நோக்கி வகுத்தனர். வரலாற்று ஆசிரியன் இவற்றை நோக்கும்போது வேறொரு வேற்றுமை புலப்படும். செம்பொருளாக வைகின்றவன் தன் பகைவனைப் பற்றியே நமக்குச் செய்தி தருகின்றான். பழிகரந்து கூறுகின்றவனோ பகைவனைப் பற்றி ஒரு செய்தியும், தன்னைப் பற்றிப் பல செய்திகளும் தருகின்றான். கேட்பார் அனைவரும் ஒப்புக்கொண்ட எண்ணங்கள் சில இருந்தாலன்றி மறைத்துச் சொல்லிய பழி எவர்க்கும் விளங்காது. அவ்வெண்ணங்கள் பாட்டில் கூறப்படாமலே பாட்டைத் தாங்கி நிற்கின்றன. சட்டங்களிலும் பட்டயங்களிலும் காணக் கிடையாத அவற்றை நகைப்பாட்டின் அடியில் காணலாம்.

இக்கருத்திற்கு ஏற்ற களமாக நியூ சௌத் வேல்ஸ் என்னும் ஆஸ்திரேலியக் குடியேற்ற நாட்டை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 1840களிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்நாட்டில் வெள்ளைக் குடியேறிகள் தமக்குள் நிலத்திற்காக ஓயாது வழக்காடினர். நீதிமன்றத்தில் நடந்த வழக்கைவிட ஆட்டுக்கொட்டகையிலும் சாலைவழித் தங்கலிலும் இதழ்ப் பக்கங்களிலும் நடந்த வழக்கே பெரிது. அவ்வழக்கின் மொழி பெரும்பாலும் செய்யுளாகவே இருந்தது.

முதலில் நிலத்தின் நிலைமையைச் சிறிது அறிதல் வேண்டும். 1788இல் சிட்னியில் ஆங்கிலேயர் குடியேறியபோது, நிலம் முழுவதும் அரசமுடிக்கு உரியது என்று கொண்டனர். அங்கே வாழ்ந்த தொல்குடி மக்களோடு உடன்படிக்கை எதுவும் அரசு செய்யவில்லை. 1835இல் ஜான் பேட்மன் என்பவர் போர்ட் பிலிப் பகுதியில் தொல்குடித் தலைவர்களோடு தாமே ஓர் உடன்படிக்கை செய்து நிலம் பெற்றதாகக் கூறினார். ஆளுநர் பர்க் அவ்வாண்டே ஓர் அறிக்கை விடுத்து அது செல்லாது என்றார். முடியின் நிலத்தைத் தொல்குடியினர் கொடுக்கவும் பிறர் கொள்ளவும் இயலாது என்பதே அவ்வறிக்கையின் சாரம். 1829இல் வரையறுத்த பத்தொன்பது கவுண்டிகளுக்கு அப்பால் எவரும் குடியேறலாகாது என்பது சட்டம். ஆனால் ஆட்டு மயிரின் விலை சட்டத்தைவிட வலிமை வாய்ந்தது. மந்தைகளோடு எல்லை கடந்து சென்று பல்லாயிரம் ஏக்கர் மேய்ச்சற் பரப்பைப் பற்றிக்கொண்டவர்களை ஸ்குவாட்டர் என்றனர். 'குந்தியிருப்பவர்' என்பது அச்சொல்லின் பொருள். முதலில் இழிசொல்லாக வழங்கிய அது, இருபது ஆண்டிற்குள் அந்நாட்டின் செல்வக் குடியினரைக் குறிக்கும் பெருமைச் சொல்லாயிற்று. சொற்கள் உயர்பொருட்பேறு அடைதலுக்கு இதனினும் விரைவான சான்று காண்டல் அரிது.

விலக்க இயலாததை அரசு ஒழுங்குபடுத்த முற்பட்டது. 1836இல் ஆண்டுக்கு 10 பவுன் கட்டணத்தில் மேய்ச்சல் உரிமம் ஏற்பட்டது. 1839இல் முடிநில ஆணையர்களுக்குத் துணையாக எல்லைக் காவற்படை அமைக்கப்பட்டது. இருவர் மேய்ச்சற் பரப்புகளுக்கிடையே எல்லை எது என்று தீர்ப்பவர் ஆணையரே. நில அளவை நடவாத நாட்டில் ஓடையும் மலைமுகடும் மரத்தில் இட்ட குறியும் உழுத சாலுமே எல்லைகள். ஆதலின் ஆணையரின் சொல்லே எல்லையாயிற்று. 1844 ஏப்ரலில் ஆளுநர் கிப்ஸ், ஒருவர் வைத்திருக்கும் ஒவ்வொரு நிலையத்திற்கும் தனித்தனி உரிமம் பெற வேண்டும் என ஒழுங்கு செய்தார். நாடு பொருளாதார நலிவில் இருந்த காலம் அது. ஆட்டை வாங்குவார் இன்றி, கொழுப்பிற்காக உருக்கும் முறை 1843இல் யாஸ் நகரில் தொடங்கி எங்கும் பரவிற்று. இந்நிலையில் புதிய கட்டணம் என்றால் ஸ்குவாட்டர்களின் சினம் எத்தகையது என்று கூற வேண்டுவதில்லை.

அச்சினத்திற்கு நா ஆனவர் இராபர்ட் லோ. 1842இல் சிட்னிக்கு வந்த வழக்கறிஞர். கண்பார்வை மிகக் குன்றியவர். பிற்காலத்தில் இங்கிலாந்து திரும்பி, கிளாட்ஸ்டன் அமைச்சரவையில் 1868 முதல் 1873 வரை நிதியமைச்சராக விளங்கியவர். ஆளுநர் கிப்ஸே இவரைச் சட்டமன்றத்தில் அமர்த்தினார். இவரோ ஆளுநரோடு முரணிப் பதவி துறந்து, 1844 நவம்பரில் தொடங்கிய அட்லஸ் என்னும் இதழில் அவரையே தாக்கினார். அவ்விதழில் இவர் எழுதிய 'ஸ்குவாட்டர் பாடல்கள்' குடியேற்ற நாட்டு அங்கதத்தின் தலைசிறந்த எடுத்துக்காட்டுகளுள் அடங்கும்.

அவற்றுள் ஒன்றன் பொருளைச் சற்று விரிவாகக் காண்போம். பாடுபவன் ஒரு ஸ்குவாட்டர். அவனோடு பந்தயம் கட்டி ஆணையர் தோற்கிறார். உடனே அவன் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டிவிடுகிறார். அவனிட்ட இறைச்சியை உண்டுகொண்டே, உன் ஆடுகள் அளவிறந்து கொழுத்துவிட்டன, முடியின் உரிமையை அவை கடித்துத் தின்கின்றன என்று குறை கூறுகிறார். நிலத்தின் நடுவே ஓர் ஓடை பாய்வதால், இயற்கையே இதனை இரண்டு நிலையமாகப் படைத்தது என்று இரு கட்டணம் வாங்குகிறார். கணக்கில் காட்டாத ஒரு நோயாட்டிற்குத் தண்டம் விதிக்கிறார். வெட்டி எடுத்த பகுதியில் பசிமிகுந்து வாய்வைத்த மாடுகளைப் பட்டியில் அடைத்து ஏலம் விடுகிறார். எஞ்சிய ஒரு பங்கும் ஈற்றில் ஆணையருடைய மகன் பெயருக்கு மாறுகிறது. அம்மகனோ கேம்பிரிட்ஜிலிருந்து விலக்கப்பட்டவன். மறையுரை ஆற்ற உரிமம் கிட்டாதவனுக்கு ஆடு மேய்க்க உரிமம் கிட்டுகிறது. முறையிட்டால் ஆளுநர் கூறும் மறுமொழி, ஏக்கர் ஒரு பவுன் வீதம் வேண்டிய நிலம் விலைக்குண்டு என்பதே.

இப்பாட்டில் ஒவ்வொரு நகையும் ஒரு சட்ட விதியைத் தொட்டு நிற்கிறது. ஓடையைக் கொண்டு இரு கட்டணம் என்பது 1844ஆம் ஆண்டு ஒழுங்கின் எள்ளல். ஏக்கர் ஒரு பவுன் என்பது 1842இல் பிரித்தானியப் பாராளுமன்றம் விதித்த குறைந்த விலை. அக்காலத்து நில நிருவாகம் எவ்வாறு நடந்தது என்று அறிய விரும்பும் மாணவன் ஆளுநரின் அறிக்கைகளோடு இப்பாட்டையும் கற்றல் நலம். ஆணையர் அனைவரும் இத்தகையர் என்று அவன் முடிவு கட்டிவிடலாகாது. லோ எழுதியது கட்சிப் பாட்டு. லோவே இரண்டொரு ஆண்டில் ஸ்குவாட்டர்களை விட்டு நீங்கி அவர்களுக்கு எதிர்க்கட்சியில் நின்றார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் நாம் நின்று நோக்க வேண்டிய இடம் இப்பாட்டின் நடுவே உள்ளது. எல்லைக் காவலர் தாமே வண்டியைக் கொள்ளையிட்டதைச் சொன்னபின், வெள்ளைத் திருடர் போயினர், கறுப்புத் திருடர் வந்தனர் என்னும் பொருள்பட ஓர் இடம் வருகிறது. தொல்குடியினர் இடையரைத் தாக்குகின்றனர். மாடுகளை ஈட்டியால் குத்துகின்றனர். பாடுபவன் வாய் திறவான். செய்தி அரசிற்குத் தெரிந்தால் உரிமம் பறிபோகும் என்று அஞ்சுகிறான். அவன் இடையன் கொல்லப்பட்டதற்கும் ஆணையர் அவன்மீதே சினங்கொள்கிறார். இந்நகைக்குப் பின்னணி ஒரு கொடிய உண்மை. 1838 ஜூனில் மயால் கிரீக் என்னுமிடத்தில் ஏறத்தாழ 28 தொல்குடி மக்கள் குடியேறிகளின் பணியாட்களால் கொல்லப்பட்டனர். கிப்ஸ் ஆட்சியில் அக்கொலைக்காக எழுவர் தூக்கிலிடப்பட்டனர். ஸ்குவாட்டர்கள் அத்தீர்ப்பை மறக்கவில்லை. கறுப்பர் பக்கம் சாய்கின்ற அரசு என்னும் அவர்களுடைய மனக்குறையே இங்கு நகையாக வெளிவருகிறது.

இவ்விடத்தில் 'திருடர்' என்னும் சொல் யார்யாருக்கு வழங்குகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். பந்தயத்தில் தோற்ற ஆணையர் திருடர், காவலர் திருடர், ஈட்டியெறிந்த தொல்குடியினர் திருடர். பற்றா உரிமமோ பட்டாவோ இன்றி வந்து குந்திய ஒருவனே திருடன் அல்லன்; அவன் திருட்டுக்கு ஆளானவன். கேட்டவர் அனைவரும் இதனை ஐயமின்றி ஏற்றுக்கொண்டமையாலேயே பாட்டு நகை விளைத்தது.

1847ஆம் ஆண்டு அரசாணைகள் ஸ்குவாட்டர்களின் கவலையைப் பெரிதும் நீக்கின. தொலைப்பகுதிகளில் 14 ஆண்டு வரை குத்தகையும், குத்தகை நிலத்தை முதலில் வாங்கும் உரிமையும் கிடைத்தன. அதற்குப்பின் வழக்கின் முகம் மாறிற்று. 1851இல் பொன் கண்டுபிடிக்கப்பட்டு மக்கள் திரள் திரளாக வந்தனர். பொன் குறைந்தபின் அவர்கள் நிலம் கேட்டனர். பண்ணைவீட்டின் வாயிலிலிருந்து ஒருநாள் குதிரையில் சென்றாலும் முடியாத பரப்பை ஒருவரே வைத்திருக்க, உழுதுண்ண விரும்புவோர்க்கு ஒரு துண்டும் இல்லையே என்னும் குரல் தேர்தற் குரலாயிற்று. ஜான் இராபர்ட்சன் முயற்சியால் 1861இல் இரண்டு நிலச் சட்டங்கள் நிறைவேறின. எவரும் அளவை நடக்கும் முன்பே, ஸ்குவாட்டரின் குத்தகைப் பரப்பினுள்ளும், 40 முதல் 320 ஏக்கர் வரை தாமே தேர்ந்துகொள்ளலாம். விலை ஏக்கருக்கு ஒரு பவுன். முன்பணம் கால் பங்கு. மூன்றாண்டு அங்கே குடியிருத்தல் வேண்டும். இவ்வாறு வந்த சிறுநிலக்காரரைச் செலக்டர் என்றனர். காக்கட்டூப் பறவை போல நிலத்தைக் கிளறி வாழ்பவர் என்று அவர்களைக் 'காக்கி' என எள்ளுவதும் உண்டு. இக்காக்கிக்கும் காவலர் சீருடைக்கும் தொடர்பில்லை.

இச்சட்டத்தை ஒட்டி எழுந்து வாய்மொழியாகப் பரவிய பாட்டுகளுள் சிறந்தது 'யூமரெல்லாக் கரை' என்பது. பேட்டர்சன் 1905இல் வெளியிட்ட பழம் பாடல்களின் தொகுப்பில் இஃது இடம்பெற்றுள்ளது. பாடுபவன் ஒரு செலக்டர். தன் இன்பமான சிறு பள்ளத்தாக்கைப் புகழ்ந்து தொடங்குகிறான். தன் எருதுகளை விளித்து, எங்கு வேண்டுமாயினும் திரியுங்கள், உங்களை இனிப் பட்டியில் அடைப்பார் இல்லை என்கிறான். திங்கள் எழுந்தபின் குதிரையேறிச் சென்று ஸ்குவாட்டரின் மாடுகளைக் கவர்ந்து, விடியுமுன் கன்றுகளுக்குத் தன் சூட்டுக்குறி இட்டுவிடுவான். அழகிய கன்றை நோக்கி, உன் பழைய உடையவனைப் பார்த்து நீ நகைக்கலாம் என்றும் கூறுகிறான். இவ்விடத்தில் தமிழ் மாணவன் நெஞ்சம் வெட்சித் திணையின் ஆகோளை நினைக்கும். இரவு, ஆநிரை, விடியல் எல்லாம் உள. ஆனால் வேந்தன் ஏவலும் இல்லை, கரந்தை சூடி மீட்போரின் நடுகல்லும் இல்லை. இங்குக் கவர்ந்தவனைக் காப்பது இராபர்ட்சன் சட்டமே.

இப்பாட்டு யாருடைய கட்சி என்பது ஆராய்தற்குரியது. செலக்டரின் வாயில் வைக்கப்பட்டிருப்பினும், செலக்டர் என்பான் மாடு திருடுவதற்காகவே நிலம் எடுப்பவன் என்னும் ஸ்குவாட்டர் கட்சியின் பழியே இதன் உட்பொருள். நம் அணிநூலார் வஞ்சப்புகழ்ச்சி என்பது இதனையே. ஆயின் வியப்பு என்னவெனில், பழிக்கப்பட்டவர்களே இதனை மகிழ்ந்து பாடினர். பட்டிக் கொடுமையால் நொந்த சிறுநிலக்காரன் ஒருவன், எருதை நோக்கி 'இனி உன்னை அடைப்பார் இல்லை' என்னும் இடத்தைப் பாடும்போது அதில் வஞ்சம் எதனையும் கண்டிரான். ஸ்குவாட்டரின் வேலியற்ற பரப்பில் தப்பிப் புகுந்த அவன் மாட்டைத் தொலைவிலுள்ள பட்டிக்கு ஓட்டிச் சென்று அடைத்துக் கட்டணம் கேட்பது அக்காலத்தில் ஸ்குவாட்டர்கள் கைக்கொண்ட படைக்கலங்களுள் ஒன்று. இயற்றியவர் எண்ணிய பொருள் ஒன்று. பாடியவர் கொண்ட பொருள் வேறு. வாய்மொழி இலக்கியத்தில் அங்கதம் கைமாறும்போது கட்சியும் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

உண்மையில் சட்டத்தை வளைத்தவர் ஒரு பக்கத்தார் மட்டும் அல்லர். ஸ்குவாட்டர்கள் தம் பணியாட்கள், உறவினர், சிறுவர் பெயர்களிலும் நிலம் எடுத்தனர். பினாமி என்று நாம் கூறுவதை அவர்கள் 'டம்மி' என்றனர். ஆற்றங்கரையும் நீர்க்குழியும் உள்ள துண்டுகளை மட்டும் பொறுக்கி வாங்கினர். நீர் போனபின் எஞ்சிய வறண்ட நிலத்தை எவன் கேட்பான்? மயிற்பீலியின் கண்ணைப் பறிப்பது போன்ற இச்செயலுக்கு மயிலின் பெயரே வழங்கிற்று. குடியிருப்பு விதியை நிறைவேற்றச் சக்கரத்தில் ஓடும் குடிசைகளை ஒரு துண்டிலிருந்து மற்றொன்றிற்கு இழுத்துச் சென்றதும் உண்டு. மறுபுறம், ஸ்குவாட்டர் தொல்லை பொறாது விலைகொடுத்து வாங்கட்டும் என்றே அவர் பரப்பின் நடுவில் நிலம் எடுத்த செலக்டர்களும் இருந்தனர். மாரிஸ், இராங்கன் ஆகிய இருவர் 1883இல் அளித்த அறிக்கை இச்சூழ்ச்சிகளை அரசிற்கு எடுத்துக்காட்டிற்று; அதன் பயனாக 1884இல் சட்டம் திருத்தப்பட்டது. அறிக்கை கூறியதைப் பாடல்கள் இருபது ஆண்டு முன்பே கூறிவிட்டன.

1880இல் சிட்னியில் தொடங்கிய புல்லட்டின் இதழ் இவ்வாய்மொழி மரபை அச்சேற்றிற்று. அவ்விதழின் இருபெரும் புலவர் ஹென்றி லாசனும் ஏ. பி. பேட்டர்சனும் ஆவர். லாசன் செலக்டர் வீட்டுப் பிள்ளை. வறுமையில் வாடிய அப்பண்ணையை அவர் எள்ளியது குறைவு, இரங்கியது மிகுதி. 'ராஸ் பண்ணையில் தீ' என்னும் பாட்டில் ஸ்குவாட்டருக்கும் செலக்டருக்கும் உள்ள பகையை மக்களின் காதலாலும் காட்டுத்தீயாலும் அவர் தீர்த்துவைக்கிறார். கதை நன்று, ஆயினும் அங்கதத்திற்குரிய கூர்மை அதனிடம் இல்லை. பகை தீயில் தீரும் என்று நம்புகின்றவன் அங்கதம் பாடமாட்டான்.

பேட்டர்சன் வேறு வகையினர். 1864இல் பிறந்த இவர் தந்தையார் மேய்ச்சற் பரப்புக்கு உடையவராக இருந்து, பின் அதனை இழந்து, இல்லலாங் என்னும் அப்பரப்பிலேயே மேலாளராகப் பணிபுரிந்தவர். பேட்டர்சன் சிட்னியில் வழக்கறிஞர். நிலச் சீர்திருத்தம் வேண்டி 1889இல் ஒரு சிறு நூலும் வெளியிட்டார். உடைமையும் இழப்பும் சட்டமும் ஆகிய மூன்றையும் உள்ளிருந்து அறிந்தவர் எனலாம். 1894இல் இவர் எழுதிய 'சால்ட்புஷ் பில்' என்னும் பாட்டு நிலவழக்கை ஒரு புதிய இடத்திற்குக் கொண்டு செல்கிறது. வழக்கு இப்போது எல்லையைப் பற்றியதன்று, புல்லைப் பற்றியது.

பில் ஒரு மந்தையோட்டி. பிறர் ஆடுகளைப் பல நூறு மைல் ஓட்டிச் செல்பவன். மந்தை நாளொன்றுக்கு ஆறு மைல் நடக்க வேண்டும். அரைமைல் அகலத் தடத்தைவிட்டு விலகலாகாது. இவ்விரண்டும் எழுதிய சட்டம். புல் காய்ந்த இடத்தில் மந்தையோட்டி சட்டப்படி நடப்பான். பசுமை கண்ட இடத்தில் மந்தை தானே விரியும், தானே தங்கும். இஃது எழுதாச் சட்டம். ஒரு செழித்த பரப்பில் பில் தன் ஆடுகளை விரித்துவிட, அவற்றைத் துரத்த ஸ்குவாட்டர் வருகிறார். உடன் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த இளைஞன் ஒருவன். சொல் முற்றிக் கைகலப்பாகிறது. பில் நினைத்தால் அவ்விளைஞனை நொடியில் வீழ்த்தலாம். வீழ்த்தவில்லை, அடி வாங்கியும் விலகியும் போரை நீட்டிக்கொண்டே போகிறான். எல்லாரும் போரைக் காண, காண்பாரற்ற ஆடுகள் வயிறார மேய்கின்றன. ஈற்றில் பில் தோற்றதாக ஒப்புக்கொள்கிறான். வென்ற இளைஞன் தன் வீரத்தைத் தாய்நாட்டிற்கு எழுதுகிறான். பில் தன் ஆடுகளின் வயிற்றைப் பார்த்துக்கொள்கிறான்.

இதனைப் பழிகரப்பின் முதிர்ந்த நிலை என்று கொள்வது பொருந்தும். சட்டத்தையோ ஸ்குவாட்டரையோ பில் ஒரு சொல்லும் பழிக்கவில்லை. தோற்பதே அவன் சூழ்ச்சி. உடையவன் வெற்றியைப் பெறுகிறான். இல்லாதவன் புல்லைப் பெறுகிறான். நிலம் யாருடையது என்னும் வினாவைப் பாட்டு எழுப்பவே இல்லை. இன்று மாலை புல் யாருக்கு என்பதே வினா. அடுத்த ஆண்டே தொடங்கி 1902 வரை நீடித்த கொடும் வறட்சியில் மந்தைகள் அழிந்தன என்பதை நினைத்தால், அப்புல்லின் விலை விளங்கும்.

இதே பில் பின்னர் முதுமை எய்துகிறான். ஏழாம் எட்வர்டு மன்னர் ஆட்சியில் எழுந்த மற்றொரு பாட்டில் அவனுக்கு நடுவர் பதவி வழங்கப்படுகிறது. ஊதியம் இல்லாப் பதவி அது. கிறித்துமஸுக்குத் தமக்கை வீடு செல்லப் பணம் வேண்டும். விதிகளைத் துருவிப் பார்த்து, தீவிபத்து ஒன்றை உசாவினால் ஒரு பவுன் கட்டணம் உண்டு என்று காண்கிறான். அருகில் ஒரு தொல்குடிச் சேரி. அன்றிரவே அங்கு ஒரு குடிசை எரிகிறது. இலையும் பட்டையும் கொண்டு வேய்ந்த அதனைப் பாட்டு 'நாட்டுப்புற மாளிகை' என்கிறது. அதற்குரிய தொல்குடியினனைப் பெருமகனார் என்னும் பட்டத்தோடு விளிக்கிறது. சேரியிலுள்ளார் அரைத்துண்டு புகையிலைக்குச் சான்றாயராக அமர்த்தப்படுகின்றனர். அவர்களுக்கு வெள்ளையர் பெயர்களும் சூட்டப்படுகின்றன. 1917இல் வெளிவந்த பேட்டர்சனின் தொகுதி ஒன்று இப்பாட்டின் பெயரையே தாங்கியது. அக்காலத்தார் இதனை எவ்வளவு விரும்பினர் என்பது அதனால் தெரியும்.

அரசின் நடைமுறையை எள்ளுவதே பேட்டர்சன் நோக்கம். அதில் வெற்றியும் பெற்றார். ஆயினும் நகை எங்கிருந்து பிறக்கிறது? தொல்குடியினன் ஒருவனுக்கு வீடும் பட்டமும் உடைமையும் உண்டு என்று கூறுவதே நகைச்சுவை என்று கேட்பார் கொண்டமையால் பிறக்கிறது. லோவின் பாட்டில் ஈட்டியோடு வந்தவர், அறுபது ஆண்டிற்குள் தம் குடிசை எரிவதைப் பார்த்துக் கவலையின்றி நிற்பவராகக் காட்டப்படுகிறார். இவ்விரண்டு பாட்டிற்கும் இடைப்பட்டது ஒரு நாட்டின் நிலவரலாறு. முக்கூடற்பள்ளிலும் பண்ணைக்காரன் எள்ளப்படுகிறான். ஆனால் சேற்றில் இறங்கியவர்கள் அந்நூலின் நடுவே நிற்கின்றனர். இங்கு மண்ணுக்குரியவர் பாட்டின் ஓரத்தில் நிற்கின்றனர்.

அக்காலத்தார் அறியாமையால் இவ்வாறு பாடினர் என்று கூறி அமைதல் ஒருவகை. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. மயால் கிரீக் கொலைஞர் எழுவரும் தூக்கிலிடப்படுவதற்கு ஐந்து நாள் முன்னர், 1838 டிசம்பர் 13ஆம் நாள், எலைசா ஹாமில்டன் டன்லப் என்னும் அம்மையார் அக்கொலையில் தப்பிய ஒரு தாயின் புலம்பலாக ஒரு பாட்டைச் சிட்னி இதழில் வெளியிட்டார். அந்நாட்டில் பிறந்த சார்லஸ் ஹார்ப்பர் ஸ்குவாட்டர் கூட்டத்தை எள்ளி நெடிய அங்கதம் பாடியவர். அவரே அக்கொலை பற்றியும் ஒரு தாயின் புலம்பல் பாடினார். ஒரே புலவர் இரண்டும் பாடியும், இரண்டும் ஒரே பாட்டில் சேரவில்லை என்பது நோக்கத்தக்கது. நிலவழக்கு அங்கதத்திற்கு உரியது, தொல்குடியினர் துயர் புலம்பலுக்கு உரியது என்று துறைகள் பிரிந்துவிட்டன. புலம்பலில் தாய் உண்டு, சேய் உண்டு, நிலவுரிமை இல்லை.

சட்டமும் அறியாதிருந்ததன்று. 1848 பிப்ரவரியில் குடியேற்ற நாடுகளின் செயலராக இருந்த கிரே பிரபு, மேய்ச்சற் குத்தகை தொல்குடியினர் அந்நிலத்தில் வேட்டையாடித் திரியும் பழைய உரிமையைப் பறிப்பதன்று என்று சிட்னி அரசிற்கு எழுதினார். குத்தகைக்காரருக்குக் கிடைத்தது மேய்க்கும் உரிமை. அனைவரையும் விலக்கும் உரிமையன்று. இக்கருத்து ஏட்டில் உறங்கிற்று. 1992இல் மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் நிலம் யாருக்கும் உரியதன்றிக் கிடந்தது என்னும் கொள்கையைத் தள்ளிற்று. 1996இல் விக் வழக்கில், மேய்ச்சற் குத்தகையால் மட்டும் தொல்குடி நிலவுரிமை அற்றுப்போகாது என்று தீர்ப்பளித்தது. ஒரே நிலத்தில் இரு உரிமைகள் இருத்தல் கூடும் என்பதே அத்தீர்ப்பின் கருத்து. ஸ்குவாட்டரும் செலக்டரும் மந்தையோட்டியும் அரை நூற்றாண்டு பாடிய பாட்டுகளில் இக்கருத்துக்கு இடம் இல்லை. ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் பொறுத்து வாழ்ந்ததற்கு அடிப்படை இதுவே. ஸ்குவாட்டரின் புல்லில் மந்தையோட்டிக்கு அரைமைல் வழியுரிமை இருந்ததன்றோ!

ஈற்றில் பாடவேறுபாடு ஒன்றைக் கூற வேண்டும். மேலே கண்ட வாய்மொழிப் பாட்டின் பெயர் சில பாடங்களில் 'நியூமரெல்லா' என்றும், சிலவற்றில் 'யூமரெல்லா' என்றும் வழங்குகிறது. நியூமரல்லா என்பது நியூ சௌத் வேல்ஸில் மொனாரோப் பகுதியில் கூமா நகருக்கு அருகே ஓடும் ஆறு. இராபர்ட்சன் சட்டம் செல்லுபடியான நாடு அதுவே. ஆதலின் பொருள் நோக்கி அதனையே மூலபாடமாகக் கொள்ளத் தோன்றும். யூமரல்லா என்னும் ஆறோ விக்டோரியாவின் மேற்குப் பகுதியில் உள்ளது. அங்கு அச்சட்டம் செல்லாது. ஆயினும் பாடுவோர் நாவில் நிலைத்தது யூமரெல்லாவே.

அவ்விரண்டாம் ஆறு பாயும் நாடு குண்டிச்மரா மக்களுடையது. எரிமலைக் கற்பாறைகளிடையே கால்வாய் வகுத்து, அணை கட்டி, விலாங்குமீன் வளர்த்து நிலையாக வாழ்ந்த மக்கள் அவர்கள். பட்ஜ் பிம் என்னும் அவ்விடத்தை 2019இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 1840களில் ஸ்குவாட்டர்கள் அங்கு மந்தைகளோடு புகுந்தபோது நிகழ்ந்த நெடும்போரை யூமரல்லாப் போர் என்பர். ரால்ப் போல்டர்வுட் என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற கதையாசிரியர் அக்காலத்தில் அங்கு நிலம் பிடித்தவர். அப்போரைப் பற்றித் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி 1884இல் வெளியிட்டார். 2007இல் குண்டிச்மராக்களின் நிலவுரிமையை நீதிமன்றம் ஏற்றது. அப்போரில் இறந்த இருதிறத்தாருக்காகவும் தெபோரா சீதம் என்னும் தொல்குடி இசைப்புலவர் குண்டிச்மரா மொழியில் ஓர் இரங்கற்பா இயற்றி, 2018இல் போர்ட் பேரியில் அரங்கேற்றினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'யூமரல்லா'.